செவிக்கு வந்த செய்தித்தாள்

மலைத்தோட்டங்களில் முன்னாளில் விடியுமுன்னே தப்பு முழங்கும். பிரட்டுக்களத்துக்கு வாருங்கள் என்பது அதன் பொருள். வேறொரு வகையாய் முழங்கினால் சாவு. இன்னொரு வகையாய் முழங்கினால் திருவிழா. அடியின் வேறுபாட்டைக் கொண்டே லயத்தில் உள்ளோர் செய்தியை அறிந்துகொள்வர். ஆயினும், இறந்தவர் யார், என்ன நோயால் இறந்தார், மருந்து கொடுத்தார்களா, பிள்ளைகள் எத்தனை பேர் என்பனவற்றைத் தப்பு சொல்வதில்லை. அவற்றை அறிய விரும்புபவர் அந்த லயத்து வாசலுக்கு நடந்து செல்லல் வேண்டும். அங்கே அறிந்தவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்டிருக்கும் பொறுமையும் வேண்டும். தப்பு சொன்னது செய்தி. வாசலில் கேட்டது அச்செய்தியின் பின்னணி.

இன்று தப்பின் வேலையைக் கையடக்கத் தொலைபேசி செய்கின்றது. நாளொன்றுக்கு ஐம்பது தடவை அது மணியொலித்து ஐம்பது செய்திகளைச் சொல்லும். வாசலில் அமர்ந்து விளக்குபவரின் வேலையைச் செய்ய வந்ததே நாளாந்தச் செய்தி வலையொலி. ஆங்கிலேயர் பொட்காஸ்ட் என்பதனைத் தமிழர் வலையொலி என்றும் ஒலியோடை என்றும் வழங்குவர். நாம் முன்னதனையே ஈண்டு ஆள்கிறோம். இம்மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவருள் முதியோர் சிலர் இப்பெயரைக் கேள்வியுற்றிருக்கமாட்டார். அவர்தம் பேரப்பிள்ளைகளோ அதனைக் காதிற் செருகிக்கொண்டே பேருந்தில் ஏறுகின்றனர். முன்னவர்க்கு அஃது இன்னதென்று விளக்குதலும், பின்னவர்க்கு அதனைக் கேட்கும் முறையைச் சொல்லுதலும் இப்பாடத்தின் நோக்கமாகும்.

வானொலி நிகழ்ச்சி ஒன்று காற்றோடு போய்விடாமல் இணையத்தில் வைக்கப்பட்டு, வேண்டியவர் வேண்டிய நேரத்தில் இறக்கிக் கேட்கத்தக்கதாய் இருப்பின் அதுவே வலையொலி. வானொலி ஓடும் ஆறு; வலையொலி குடத்தில் மொண்டுவைத்த நீர். இடையில் நிறுத்தலாம், புரியாத இடத்தை மீண்டும் கேட்கலாம். 2004 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலண்டன் ‘கார்டியன்’ நாளிதழில் எழுதிய பென் ஹமர்ஸ்லி என்பவர், அப்போது தோன்றிக்கொண்டிருந்த இப்புதுமைக்குச் சில பெயர்களை முன்வைத்தார். அவற்றுள் ஒன்று நிலைத்தது. அப்பிள் நிறுவனத்தார் 2001 இல் விற்பனைக்கு விட்ட ஐபொட் என்னும் இசைக்கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டிப் பிறந்தது அப்பெயர். 2022 இல் அக்கருவியின் உற்பத்தியே நின்றுபோயிற்று. கருவி மறைந்தபின்னும் பெயர் வாழ்வது புதுமையன்று. பனையோலை போய் எத்தனையோ காலமாகியும் நாம் இன்னும் ‘நாளேடு’ என்றுதானே சொல்கிறோம்!

செய்தியின் பின்னணியை நாள்தோறும் சொல்லும் வலையொலிகளுள் மிகுந்த புகழ் பெற்றது ‘த டெய்லி’ என்பது. ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ நாளிதழார் இதனை 2017 பெப்ரவரி முதலாந் திகதி தொடங்கினர். மைக்கல் பர்பாரோ என்னும் பத்திரிகையாளர் இதனை நடத்த முன்வந்தார். இதன் அமைப்பு மிக எளிமையானது. ஒரு நாளுக்கு ஒரு பொருள்; ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம். நடத்துபவர் கேட்பார், அச்செய்தியை எழுதிய நிருபரே விடை சொல்வார். அவர் எங்கே சென்றார், யாரைக் கண்டார், எந்தக் கதவு அவர் முகத்தில் அடைக்கப்பட்டது என்பதெல்லாம் அவ்விடைகளில் வெளிவரும். இடையிடையே நிகழ்ச்சி நடந்த இடத்தில் பதிவான குரல்கள் ஒலிக்கும். ஏனைய செய்திகளுக்குக் கடைசியில் ஓரிரு நிமிடமே ஒதுக்கப்படும். அச்சுத்தாளில் கட்டுரைத் தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் ஒடுங்கிக்கிடந்த நிருபர் இங்கே ஓர் ஆளாக வந்து நிற்கிறார், தயங்குகிறார், சில வேளை தமக்குத் தெரியாது என்றும் சொல்கிறார். அந்தத் தயக்கத்தை அச்சில் நாம் என்றும் கண்டதில்லை.

இவ்வழியிற் பிறர் வந்து சேர்ந்தனர். ‘கார்டியன்’ நாளிதழார் 2018 நவம்பரில் தமது நாளாந்த வலையொலியைத் தொடங்கினர். சென்னையிலிருந்து வெளிவரும் ‘த ஹிந்து’ நாளிதழாரும் ஆங்கிலத்தில் ஒன்று நடத்துகின்றனர். அவுஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ்ச் சேவையினர் தம் வானொலி நிகழ்ச்சிகளைத் துண்டு துண்டாகப் பகுத்து வலையொலியாகவும் தருகின்றனர். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் குடியேறிய தமிழருக்காகப் பேசப்படுவனவற்றை மாத்தளையிலிருந்து நாமும் கேட்கலாம்.

இதனை முற்றிலும் மேனாட்டார் தந்த புதுமை என்று எண்ணுதல் வேண்டா. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1925 டிசெம்பர் 16 ஆந் திகதி. 1949 இல் அது இலங்கை வானொலி ஆயிற்று. 1967 இல் கூட்டுத்தாபனம் ஆயிற்று. பி.பி.சி. நிறுவனத்தார் 1941 இல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்னும் பெயரைச் சூட்டியவர் எம் நாட்டவரான சோ. சிவபாதசுந்தரம். எழுதியதைப் படிப்பது வேறு, செவிக்குப் பேசுவது வேறு என்பதைத் தமிழர் உணர வேண்டும் என்று கருதி ‘ஒலிபரப்புக் கலை’ என ஒரு நூலே அவர் செய்தார். அத்துறையில் தமிழில் எழுந்த முன்னோடி நூல் அது. வலையொலி நடத்த விரும்பும் இளைஞர் இன்றும் அதனைத் தேடிப் படிக்கலாம்.

போர் நடந்த ஆண்டுகளில் இரவு 9.15 மணிக்குத் தமிழோசை வரும். எம் சிறுவயதில், மின்கலம் இட்ட வானொலிப் பெட்டியைச் சுற்றிப் பெரியோர் ஐந்தாறு பேர் அமர்ந்திருப்பர். அலை ஏறி இறங்கும். ஒருவர் பெட்டியைத் தூக்கிச் சாளரத்தருகே வைப்பார். சிறுவர் பேசினால் தலையில் குட்டு விழும். ஒலிபரப்பு முடிந்தபின் பெட்டி அணைக்கப்பட்டு, பெரியோர் தமக்குள் பேசத் தொடங்குவர். இவர் ஏன் இதைச் சொன்னார், அவர் ஏன் அதைச் சொல்லவில்லை என்று அந்தப் பேச்சு நெடுநேரம் நீளும். செய்தியைக் காட்டிலும் அந்தப் பேச்சிலிருந்தே நாம் மிகுதியாகக் கற்றோம். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் இறுதியோடு ஓய்ந்தது. ‘த டெய்லி’ பிறந்ததும் அவ்வாண்டே என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு உண்டாகிறது.

ஈண்டு இலக்கியத்தின் பக்கம் சிறிது திரும்புவோம். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். அறிவுடைமை அதன் பின்னரே வருகின்றது. 40, 41, 42, 43 என்னும் இவ்வடைவு தற்செயலாய் அமைந்ததன்று. நூலைக் கற்கும் வாய்ப்பைப் பெறாதவர்க்கும் அறிவுடைமைக்குச் செல்ல ஒரு வழி உண்டு என்பதை அது காட்டும். எம் மாணவர் பலரின் பாட்டன் பாட்டியர் செய்தித்தாள் படிக்க அறியார். ஆனால் அவர்தம் செவி கூர்மையானது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒப்பாரியை இன்றும் அடி பிழையாமற் சொல்வர். அத்தகையோர்க்குச் செவிவழி வரும் செய்தித்தாள் எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை எண்ணிப் பார்க்க.

கேள்வி என்னும் சொல்லுக்கு இன்று வினா என்பதே பெருவழக்காயிற்று. பழைய வழக்கில் அது கேட்டலையும், கேட்டு அறிந்த பொருளையும் குறிக்கும். வேதத்துக்கும் அப்பெயர் உண்டு. செவியால் ஏற்பதற்கும் வாயால் வினவுவதற்கும் தமிழில் ‘கேள்’ என்னும் வினை ஒன்றே. இஃது எம் மொழிக்கு வாய்த்த பேறு என்றே கருதுகிறோம். நல்ல செய்தி வலையொலியின் இலக்கணமும் இதுவே. நடத்துபவர் வினவுகிறார், நாம் செவிமடுக்கிறோம், செவிமடுக்கும் நாமும் உள்ளத்துள் வினவிக்கொண்டே இருத்தல் வேண்டும். பின்னது இல்லையேல் முன்னது பயன் தராது.

பின்னணி என்பதன் இயல்பை எம் ஊர்க் கதை ஒன்றாலேயே விளக்குவோம். 1848 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆந் திகதி மாத்தளை நகரம் தாக்கப்பட்டது. அன்று தொலைபேசி இருந்திருப்பின், ‘மாத்தளையில் கலகம், கச்சேரி தாக்கப்பட்டது, இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது’ என்று மூன்று வரி வந்திருக்கும். மூன்றும் உண்மையே. ஆனால் அம்மூன்று வரியையும் மனப்பாடம் செய்த மாணவன் 1848 ஐப் பற்றி ஒன்றும் அறிந்தவன் ஆகான்.

கோப்பியின் விலை சரிந்து அரசாங்கத்தின் வருவாய் குறைந்திருந்தது. புதிதாய் வந்திருந்த தேசாதிபதி டொறிங்டன் பிரபு, நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று சுமத்தினார். தெருச் சட்டத்தின்படி ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் தெருவில் ஊழியஞ் செய்தல் வேண்டும். இயலாவிடின் 3 ஷில்லிங் கட்டுதல் வேண்டும். ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகையின் ஆசிரியர் வைத்தியர் கிறிஸ்தோபர் எலியற் இவ்வரிகளைக் கண்டித்து எழுதிய கடிதம் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டுக் கைக்குக் கை சென்றது. ஜூலை 28 ஆந் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார், மறுநாள் மாத்தளை. புரன் அப்பு பிடிபட்டு ஆகஸ்ட் 8 ஆந் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றின் காரணம் யாது, அடக்கிய முறை முறையானதா என்று பிரித்தானியப் பாராளுமன்றக் குழு ஒன்று 1849 இலும் 1850 இலும் சாட்சிகளை விசாரித்தது. டொறிங்டன் 1850 இல் பதவியை விட்டுச் சென்றார். மூன்று வரிச் செய்திக்குப் பின்னணி வந்துசேர இரண்டு ஆண்டு பிடித்தது.

அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்தவர்கள் எம் முன்னோர். வழியிற் பசியாலும் நோயாலும் மாண்டவர் பலர். ஆவணங்களில் அவர்கள் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர். அவர்கள் தம் வாயால் என்ன சொன்னார்கள் என்பதை அறிய, சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தேடித் தொகுத்த நாட்டார் பாடல்களையே நாம் நாட வேண்டியிருக்கிறது. பின்னணி சொல்லப்பட்டது என்றாலும் யாருடைய வாயால் சொல்லப்பட்டது என்னும் வினா எஞ்சி நிற்கும். இவ்வினாவை மாணவர் மறவாது வைத்துக்கொள்க. பின்னர் இதற்கே வருவோம்.

இரண்டு ஆண்டு காத்திருக்க முடியாத செய்திகளும் உள. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் உள்ள ஓர் உணவகத்தில், உண்ண வந்த ஒருவரின் கறியிற் சிறு கட்டி ஒன்று கிடந்தது. கருத்தடை மருந்தைக் கலந்திருக்கிறாய் என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது. பணம் வாங்கும் இடத்தில் நின்றவர் தமிழ் பேசும் முஸ்லிம். சிங்களம் அவருக்குச் சரியாக வாராது. கேட்கப்பட்டது விளங்காமல், அச்சத்தால், ஆமென்பதுபோல் எதனையோ சொன்னார். அது படமாகப் பிடிக்கப்பட்டு முகநூல் வழியே நாடு முழுதும் பரவியது. அன்றிரவே அவ்வூர்ப் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மார்ச் முதல் வாரத்தில், தெல்தெனியப் பக்கத்தில் தெருவில் நேர்ந்த கைகலப்பொன்றில் அடிபட்டிருந்த சாரதி ஒருவர் இறந்தார். அவர் சிங்களவர், அடித்தவர் முஸ்லிம்கள். அதனையடுத்துத் திகனையிலும் அயலிலும் வன்முறை மூண்டது. மார்ச் 6 ஆந் திகதி அவசரகால நிலை. மறுநாள் முகநூல் முதலியன முடக்கம். ஒரு வாரத்துக்குப் பின்னரே அம்முடக்கம் நீங்கியது. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அக்கட்டியைச் சோதித்து, அது மாவே, மருந்தன்று என்று அறிக்கை தந்தார். உணவிற் கலந்து ஒருவரை மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனத்தார் தமது தளம் அவ்வன்முறைக்குத் துணைபோனமைக்கு வருத்தந் தெரிவித்தனர்.

திகனை எமக்கு அயல் மாவட்டம். அந்நாட்களில் மாத்தளைக் கடைத்தெருவில் மாலையிலேயே கதவுகள் சாத்தப்பட்டதை நாம் கண்டோம். அப்படம் சில விநாடிகளே ஓடுவது. ஆயினும் அது நாட்டைச் சுற்றி வந்துவிட்டது. அதன் பின்னணியைச் சொல்ல இருபது நிமிடமேனும் வேண்டும். அம்மனிதரின் தாய்மொழி யாது, அவரிடம் கேட்கப்பட்ட சிங்களச் சொல் யாது, அவர் எதற்கு ஆம் என்றார், அக்கட்டியை யார் சோதித்தார், அப்படி ஒரு மருந்து உண்டா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுச் செல்ல வேண்டும். அந்த இருபது நிமிடம் சிங்களத்திலும் தமிழிலும் மறுநாட் காலையிலேயே வந்திருப்பின் ஒரு கடையேனும் தப்பியிருக்குமா என்று மாணவர் எம்மிடம் கேட்பதுண்டு. மொழியாசிரியர் என்ற முறையில் எமக்குத் தோன்றுவது, ஒருவருக்கு மற்றவர் மொழி தெரிந்திருப்பின் அந்த இருபது நிமிடமும் தேவைப்பட்டிராது என்பதே.

இதுவரை கூறியவற்றால் வலையொலி எல்லா நோய்க்கும் மருந்தென்று எவரும் எண்ணிவிடல் ஆகாது. குரலுக்கு ஒரு மயக்கும் ஆற்றல் உண்டு. அச்சிற் கண்டால் ஐயுறும் ஒன்றை, நடுங்கும் குரலிற் கேட்டால் நம்பிவிடுகிறோம். மெல்லிய இசை சேர்ந்தால் இன்னும் எளிதில் நம்புவோம். ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ நாளிதழாரே 2018 இல் ‘கலிபேற்’ என்னும் தொடர் வலையொலியை வெளியிட்டனர். தான் சிரியாவுக்குச் சென்று கொலைகளிற் பங்குகொண்டதாகக் கனடாவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் அதிற் சொன்ன கதை உலகை உலுக்கியது; உயர்ந்த பரிசும் கிடைத்தது. 2020 இல் கனேடியக் காவற்றுறையினர் அவன் சொன்னது புனைகதை என்று வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் நாளிதழார் தாம் போதிய அளவு சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டு பரிசைத் திருப்பிக் கொடுத்தனர். முதன்மை ஆசிரியர் ஒலிப்பதிவிலேயே தோன்றித் தவற்றை விளக்கினார். செல்வமும் ஆளணியும் மிக்க நிறுவனத்தாரே ஒரு குரலால் ஏமாறினர் என்றால், முன்பின் அறியாத ஒருவர் தம் வீட்டறையிலிருந்து பேசி வட்ஸ்அப்பில் அனுப்பும் ‘உண்மைப் பின்னணி’களை என்னென்பது!

நன்னூலார் மாணாக்கரை வகுக்கும்போது, பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை முதல் வகைக்கு உவமை ஆக்கினார். கடை வகைக்கு அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று நெய்யரி. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வது அதன் இயல்பு. செய்தி வலையொலி கேட்போரிலும் நெய்யரி போல்வார் உளர். இருபது நிமிடம் கேட்டு எழுந்தபின் அவர் நினைவில் நிற்பது நடத்துபவரின் கேலியும் யாரோ ஒருவரின் இல்லறச் செய்தியுமே. நாம் வகுப்பில் ஒலித்துண்டு ஒன்றைக் கேட்பித்தபின் மாணவரைச் சுருக்கம் எழுதச் சொல்வதில்லை. இதில் நேரிற் கண்டு பேசியவர் யார், பிறர் சொன்னதைச் சொன்னவர் யார், பேசியிருக்க வேண்டியும் பேசாதவர் யார் என்று எழுதச் சொல்வோம். மூன்றாவதற்கு விடை எழுதுவதே கடினம். ஒலியாத குரலைக் கேட்பதற்குச் செவி போதாது.

அம்மூன்றாவது வினாவை எமக்கே கற்பித்தவர் ஒரு மாணவர். 2024 ஒக்ரோபர் மாதம், தரம் 11 வகுப்பு. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியைப் பற்றிய வலையொலித் துண்டு ஒன்றைக் கேட்பித்தோம். நன்றாகச் செய்யப்பட்ட துண்டு அது. 2015 இல் 1,000 ரூபா வேண்டும் என்று எழுந்த கோரிக்கை, 2021 மார்ச்சில் வர்த்தமானி வழியே அது நிறைவேறியமை, 2024 மே தினத்தையொட்டி 1,700 ரூபா என்று வெளியான அறிவிப்பு, தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றை நாடியமை, உயர் நீதிமன்றின் இடைக்காலத் தடை, செப்டெம்பரில் 1,350 ரூபா என முடிந்தமை ஆகிய யாவும் வரிசையாய்க் கூறப்பட்டன. அதன் பின்னும் அத்தொகை மாறியிருக்கிறது. பாடம் நடந்த நாளின் கணக்கையே ஈண்டுத் தருகிறோம். துண்டு முடிந்ததும் கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார்.

“சேர், அரைப்பேர் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே!”

தோட்டத்து வழக்கை அறியாத வாசகர்க்காகச் சொல்கிறோம். ஒரு நாள் வேலை முழுதாகப் பதியப்பட்டால் அது ஒரு பேர். நிறுத்த கொழுந்து தோட்டம் விதித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர் விழும். பாதிக் கூலியே கிடைக்கும். அந்நிறை 18 கிலோ என்றோ 20 கிலோ என்றோ தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அம்மாணவர் இரத்தோட்டைப் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவர். தாயார் கொழுந்து பறிப்பவர். நாம் கரும்பலகையில் எழுதினோம். 1,350 இல் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், அஃதாவது 108 ரூபா கழியும்; மிஞ்சுவது 1,242. அரைப்பேர் ஆனால் 675, அதிலும் 54 கழியும், மிஞ்சுவது 621. செய்தியில் முழங்கிய எண் 1,700. அரைப்பேர் விழுந்த நாளில் அம்மையார் கைக்கு வருவது 621. இருபது நிமிடப் பின்னணி இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட வழியைச் சொல்லாமலே முடிந்திருந்தது. கம்பெனியின் சார்பில் ஒருவர் பேசினார். சங்கத்தின் சார்பில் ஒருவர் பேசினார். பொருளியல் அறிந்தவர் ஒருவரும் பேசினார். கூடை சுமப்பவர் எவரும் அதிற் பேசவில்லை. வகுப்பில் அதனை முதலிற் கவனித்தவர் ஆசிரியர் அல்லர் என்பதை ஒளிக்காமற் சொல்லுதல் வேண்டும்.

அவ்வார இறுதியில் மாணவர் ஐவர் கூடித் தாமே ஒரு வலையொலி செய்யத் துணிந்தனர். கருவி என்பது ஒரு கையடக்கத் தொலைபேசி. ஒலிக்கூடம் என்பது மெத்தையும் துணியும் நிறைந்த ஓர் அறை. எதிரொலியைத் துணி உறிஞ்சிக்கொள்ளும் என்பதை அவர்களே கண்டுபிடித்திருந்தனர். அம்மாணவரின் தாயாரிடம் சென்றபோது அவர் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். ஆனால் தொலைபேசியைக் கண்டதும் கையை அசைத்துவிட்டார். துரையின் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பது அவர் அச்சம். அவ்வச்சம் தேவையானதா அல்லவா என்று தீர்மானிப்பது எம் வேலையன்று.

அதன்மேல் வகுப்பில் எழுந்த வழக்காடல் எந்தப் பாடநூலிலும் இல்லாதது. அவர் குரலை இயந்திரத்தாற் கனமாக்கி வெளியிடலாம் என்றார் ஒருவர். லயத்தில் உள்ளோர் பேச்சு நடையைக் கொண்டே ஆளை அறிந்துகொள்வர் என்றார் மற்றொருவர். மாணவி ஒருவர் அச்சொற்களைத் தாயார் பேசுவதுபோலவே பேசிக் காட்ட முன்வந்தார். மிக நன்றாகவும் பேசினார். ஆனால் அவ்வாறு வெளியிட்டால் கேட்போர் அதனைத் தாயாரின் குரல் என்றே நம்புவர். அது பொய் ஆகும் என்று முடிவாயிற்று. இறுதியில் அம்மாணவியே அச்சொற்களை நடிப்பின்றி வாசித்தார். இவை கொழுந்து பறிக்கும் ஒருவர் சொன்ன சொற்கள், தம் பெயரும் குரலும் வெளிவருவதை அவர் விரும்பவில்லை, வாசிப்பவர் ஒரு மாணவி என்னும் அறிவிப்பு முன்னே வைக்கப்பட்டது. இளைப்பாறிய கணக்கப்பிள்ளை ஒருவர் மறுபக்கத்தைத் தம் குரலிலேயே சொல்ல இசைந்தார். செடிகள் கிழடாகிவிட்டன, மறுநடுகை போதாது, மழையில்லாத மாதத்தில் எவராலும் அந்த நிறையை எடுக்க முடியாது, ஆனால் மேலிடத்துக்குக் கணக்குக் காட்டவேண்டியவர் தாமே என்று அவர் சொன்னது, கம்பெனியின் சார்பிற் பேசியவரிடம் நாம் கேளாத செய்தி.

ஒலித்துண்டு 11 நிமிடம் 40 விநாடி வந்தது. இசை சேர்க்கவில்லை; சேர்க்கத் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம். இணையத்தில் இடாமல், மாணவர் தம் வீடுகளுக்கு மட்டும் எடுத்துச் சென்றனர்.

மறுநாள் அம்மாணவர் வந்து, அம்மா இரவில் அதனை இரண்டு தடவை கேட்டார் என்றும், ஒரு குறை சொன்னார் என்றும் கூறினார். மழை நாளில் கொழுந்தின் ஈரத்துக்கென்று நிறுவையிற் கழிக்கும் கிலோவை நாம் எங்குமே சொல்லவில்லையாம். அது சேர்ந்தால்தான் அரைப்பேர் எப்படி விழுகிறது என்பது விளங்கும் என்றாராம். மாணவர் ஐவரும் அன்று இடைவேளையில் மீண்டும் துணியறைக்குச் சென்று, அந்தக் கழிவு பற்றி அரை நிமிடம் பதிந்து, கணக்கப்பிள்ளையின் பேச்சுக்கு முன்னே சேர்த்தனர்.